பச்சைச் சீட்டு டயர்கள்

அந்த டயர்த் தொழிற்சாலையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. தரகரம்மா என்றால்தான் தெரியும். கல்யாணத் தரகு இல்லை, டயருக்கு ஜோடி பார்க்கிற தரகு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மனுஷ ஜோடியில் ஒருத்தர் கொஞ்சம் நெட்டை, ஒருத்தர் கொஞ்சம் குட்டை என்றாலும் குடும்பம் எப்படியோ ஓடிவிடும். அவள் சேர்த்து வைக்கிற ஜோடியில் ஒன்றின் சுற்றளவு மற்றதைவிட இரண்டு நூலுக்கு மேல் கூடிவிட்டால், கார் ஆளோடு சேர்ந்து சுவரில் போய் மோதும். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். உயிருக்கும் சுவருக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம்.

டிராக் ரேஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு மாறியதும் நேர்கோட்டில் பறக்கும், எச்சில் விழுங்கி முடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த அவசரத்துக்கென்று பின்சக்கரத்தில் போடுகிற டயர் தனி ரகம். கோடு, கட்டம் எதுவும் இல்லாமல் மழமழவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு மெத்தென்ற ரப்பர். பக்கவாட்டுச் சுவரோ துணிப்பை மாதிரி மடங்கும். கிளம்பும்போது அது கசங்கி விரிகிற உதைப்பில்தான் காரே எகிறுகிறது.

இதில் என்ன லாபம் என்று கேட்டால் கம்பெனியில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். உண்மை என்னவென்றால், லாரி டயர் சம்பாதித்துப் போட்டது, ரேஸ் டயர் உட்கார்ந்து தின்றது. லாரி டயருக்கு ரப்பர் அரைக்கிற அதே பெரிய எந்திரத்தை நிறுத்தி, கழுவி, துடைத்து, கொஞ்சூண்டு ரேஸ் ரப்பரை அரைத்துவிட்டு, மறுபடி கழுவ வேண்டும். அந்த நேரத்தில் ஒரு லாரிக் கூட்டத்துக்கே டயர் போட்டிருக்கலாம். ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு. அந்த அச்சின் விலைக்கு வீடு வாங்கலாம், ஆனால் அந்த அளவு டயர் போடுகிற கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சரி, நிறைய செய்து அடுக்கி வைத்து மெதுவாக விற்கலாம் என்றால் அதுவும் முடியாது. மெத்தென்ற ரப்பர் கிடங்கில் கிடந்தாலே இறுகிப்போகும், இறுகினால் பிடிக்காது. இத்தனைக்கும் மேலே ஒற்றை என்று ஒரு சனியன். ஜோடி சேராத டயரை விற்க முடியாது. சும்மா கொடுத்தால்கூட எவனாவது கிடைத்ததோடு மாட்டிக்கொண்டு சாவான் என்பதால், கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கத்தியால் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. கிழித்த டயரின் செலவு விற்ற டயரின் தலையில். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனுக்கும் சேர்த்து எடுத்தவன் கொடுக்கிற கதைதான்.

யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்று மேலிடத்தில் புலம்புவார்கள். பந்தய மைதானத்தில் கம்பெனிப் பேர் ஆள் உயர எழுத்தில் தெரியும்போது அதே வாய்கள்தான் பல்லைக் காட்டும். அந்தப் பல்லை நம்பித்தான் ரேஸ் பிரிவில் இருந்த நாலைந்து குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

அவள் அங்கே வந்தது டயர் துடைக்கிற வேலைக்கு. கல்யாணம் ஆகாத வயசு. அளவெடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரைக்கும் என்று சொல்லி அவள் கையில் இரும்பு டேப்பைக் கொடுத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவே இல்லை, யாரும் தேடவும் இல்லை. அச்சிலிருந்து வெந்து வந்த டயரைச் சக்கரத்தின் இரும்பு வட்டில் மாட்டி, காற்றடித்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். ரப்பர் நீள்கிற மட்டும் நீண்டு முடிந்த பிறகு, காலையில் டேப்பைச் சுற்றி அளவெடுத்து, ஒத்துப்போகிற இரண்டைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய் சொல்லும். அவளுக்கு அவசரமே கிடையாது. கையில் டேப் இருக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும், ‘இருங்க, முடிச்சுட்டு வரேன்’ என்பாள்.

டயர் கட்டுகிறவர்கள் மூன்று பேர். துணி பாய்ந்த ரப்பர்த் தகட்டை உருளையில் இழுத்துச் சுற்றி, விளிம்பைத் தேய்த்து ஒட்டி, அதன்மேல் ரப்பர் பட்டையைப் போர்த்துவது அவர்கள் வேலை. இழுப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் டயர் ஒரே மாதிரி வரும், அதற்கு எந்திரம் கிடையாது, கைதான். யார் கட்டியது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் சின்னக் காகிதச் சீட்டு ஒட்டுவார்கள். மஞ்சள், வெள்ளை, பச்சை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவள் ஒன்றைக் கவனித்தாள். பச்சைச் சீட்டு டயர்களுக்கு அவள் ஜோடி தேடவே வேண்டாம். எந்த இரண்டை எடுத்தாலும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே அளவு. யாருடா இந்தப் பச்சை என்று பார்க்கவே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கட்டுகிற கூடத்துப் பக்கம் போனாள். ஒல்லியாக ஒருத்தர் மணிக்கட்டில் ரப்பர் பசையோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் பச்சையா?” என்றாள்.

“நான் பச்சையா இருக்கேன், வேகறது டயர்தான்” என்றார் அவர்.

பெரிய நகைச்சுவை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் சிரித்தாள். கல்யாணம் ஆன பிறகு தொழிற்சாலையே அவரை ‘ரெட்டை’ என்று கூப்பிட்டது, டயருக்காகவா பெண்டாட்டிக்காகவா என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், கட்டிக்கொண்டு தூரமாய்ப் போனாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். சண்டை போட்டாலும் அந்த பஸ்ஸைத் தவறவிட முடியாது என்பதால் சண்டைகள் எல்லாம் பஸ் ஸ்டாப்புக்குள் முடிந்துவிடும்.

பல வருஷம் கழித்து ஒரு காலையில், இரண்டு பச்சைச் சீட்டு டயர்களுக்கு நடுவில் மூன்று நூல் வித்தியாசம் வந்தது. டேப்பில்தான் கோளாறு என்று நினைத்தாள். வேறு டேப் எடுத்து அளந்தாள். காற்றைத் திறந்துவிட்டு, மறுபடி அடித்து, அடுத்த நாள் அளந்தாள். மூன்று நூல்தான். அடுத்த வாரம் நாலு. மஞ்சளும் வெள்ளையும் எப்போதும்போல வந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அவளுடைய கண் திறந்தது. சட்டையின் மேல் பொத்தானை அவர் போடாமலே விட்டுவிடுகிறார். தண்ணீர் டம்ளரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொள்கிறார். சாவியைத் துளையில் வைக்கும்முன் ஒரு நொடி நிற்கிறார். இவையெல்லாம் எப்போது தொடங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடவே படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதது டேப்புக்குத் தெரிந்துவிட்டது. அந்த நினைப்பு வந்த அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

“டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வரலாமாங்க?” என்று கேட்டாள்.

“யாருக்கு? உனக்கா?”

“உங்க இடது கைக்கு.”

“கைக்கு என்ன? தூங்கறப்ப மடக்கிப் படுத்துட்டேன். நீ வேற.” செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாளின் இடது ஓரம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். பச்சைச் சீட்டு டயர்களைப் பச்சையோடு மட்டும் பார்க்காமல் மஞ்சளோடும் வெள்ளையோடும் சேர்த்துப் பார்த்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகும் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பொருத்தினாள். விதியைத் தாண்டி ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை, அது அவளால் முடியாது. சேராதவற்றை மூலையில் அடுக்கினாள். அடுக்குவதற்கு முன்னால் பச்சைச் சீட்டை நகத்தால் கிள்ளி உரித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மூலையில் இருந்த ஒற்றை அடுக்கு வளர்ந்து வளர்ந்து ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

வெளிச்சம் மறைந்தால் மேலிடத்துக்குத் தெரியாமல் இருக்குமா? கணக்கு அதிகாரி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, உட்காரச் சொன்னால் உட்காருவார், டீ கொடுத்தால் குடிப்பார். “ரேஸ் பிரிவு நஷ்டம்னு எங்களுக்குத் தெரியும்மா. ஒரு அளவோட நஷ்டப்பட்டா விளம்பரம்னு எழுதிக்கலாம். இந்த அடுக்கை என்னன்னு எழுதறது?” என்றார். காரணம் கிடைக்காவிட்டால் பிரிவையே மூடச் சொல்வார்கள் என்றும் சொன்னார். ஒற்றை எல்லாம் யார் கட்டியது என்று கேட்டார்.

“சீட்டு விழுந்துடுச்சு சார்” என்றாள் அவள். முந்தானை முடிச்சு இடுப்பில் கல்போல் கனத்தது.

காரணத்தை ரெட்டையே எடுத்துக் கொடுத்தார். ரப்பர்தான் சரியில்லை என்றார். ஒரு நாள் இறுக்கம், ஒரு நாள் தளர்ச்சி, இழுக்கும்போது கைக்குத் தெரிகிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இழுக்கும்போது தளர்வாகத் தெரிந்ததென்னவோ உண்மை, தளர்ந்தது எது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. எல்லோருடைய கண்ணும் ரப்பர் அரைக்கிறவர் மேல் திரும்பியது.

அவருக்குப் பட்டப்பேர் பவுடர். கரித்தூளில் முங்கி எழுந்து பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாக வருகிறவரைப் பின்னே எப்படிக் கூப்பிடுவது? ரெட்டைக்குப் பால்ய சிநேகிதன். அவளைத் தங்கச்சி என்பார், அந்த முறையில் அவருக்கு இவர் மாப்பிள்ளை. அவர்கள் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான், அந்தத் தாளில் கரி விரல் இன்னும் பதிந்திருக்கிறது.

“மாப்ள, நான் என்னைக்காவது அளவு மாத்திப் போட்டிருக்கேனாடா?” என்று பவுடர் கேட்டார்.

“வேணும்னு போட்டேன்னு சொல்லல மச்சான். வயசாகுதில்ல நமக்கு” என்றார் ரெட்டை.

பவுடர் கரித்தூள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்திரத்துப் பக்கம் போனார். அடுத்த மாதத்தோடு அவரை நிறுத்திவிடலாம் என்று சூப்பர்வைசரின் அறையில் பேச்சு நடந்தது. பவுடரின் சம்சாரம் சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து வாங்குவது கம்பெனி அட்டையைக் காட்டித்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, தெரிந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவளையும் சேர்த்து. பவுடரையும் பிரிவையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் ரெட்டை டயர் கட்டுகிற மேடையிலிருந்து இறங்க வேண்டும், அவருக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன்.

கடைசியில் ரெட்டையே சவால் விட்டார். “ஒரே நாள், ஒரே ரப்பர். மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு டயர் கட்டறோம். எல்லாருக்கும் தப்பா வந்தா ரப்பர் தப்பு. எல்லாரும் நின்னு பாக்கட்டும்.” அப்புறம் அவளைப் பார்த்துச் சிரித்தார். “அளக்கறது எங்க தரகரம்மா. என் பொண்டாட்டிங்கறதுக்காக ஒரு நூல் கூட்டவும் மாட்டா, குறைக்கவும் மாட்டா.”

அன்று பவுடர் ரப்பரை அரைத்த விதத்தைப் பார்த்தவர்கள் குழந்தைக்கு மருந்து கலக்குகிற மாதிரி என்று சொன்னார்கள். மூன்று பேரும் கட்டினார்கள். டயர்கள் வெந்து, காற்றடித்து, இரவெல்லாம் நின்றன. மறுநாள் காலையில் கணக்கு அதிகாரி, சூப்பர்வைசர், மூன்று கட்டுகிறவர்கள், பவுடர் எல்லோரும் சுற்றி நிற்க, அவள் டேப்பை எடுத்தாள்.

மஞ்சள் இரண்டும் ஒரே அளவு. வெள்ளையில் ஒரு நூல் வித்தியாசம். பச்சை முதல் டயர் தொண்ணூறு அங்குலம் இரண்டு நூல், சத்தமாகச் சொன்னாள். இரண்டாவது டயரைச் சுற்றி டேப்பை இழுத்துப் பிடித்தாள். தொண்ணூற்றொன்று, ஒரு நூல். ஏழு நூல் வித்தியாசம்.

அவள் நிமிர்ந்தாள். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இடது கையை வலது அக்குளுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதை அவர் தெரிந்து செய்யவில்லை, கையே போய் ஒளிந்துகொண்டிருந்தது. அவளுடைய வாய் திறந்தது.

“தொண்ணூறு, மூணு நூல்” என்றாள்.

ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா!” என்று ரெட்டை கத்தினார். கணக்கு அதிகாரியும் சிரித்தார். பிறகு அவர் கணக்குக்காரர் ஆயிற்றே, கணக்குப் போட்டார். பவுடரின் பக்கம் மெதுவாகத் திரும்பி, “அப்ப, கவனமா அரைச்சா சரியாத்தான் வருது. இத்தனை நாள் ஏன்யா வரல?” என்று கேட்டார்.

பவுடர் தரையைப் பார்த்தார். அவள் டயருக்குப் பக்கத்தில் குந்தியபடியே இருந்தாள். டேப்பை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, விரல் விடமாட்டேன் என்கிறது. ரெட்டை கட்டின கை கட்டினபடியே தன் டயரைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவருடைய மூக்குக்கண்ணாடிக்கு நேராக டேப்பின் எண் இருந்தது.

அவர் அதைப் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார். முதலில் கோபம் வந்தது, அது அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் கோபம் போய்விட்டது. கட்டியிருந்த கையை அவிழ்த்து, இடது உள்ளங்கையை விரித்து, யாரோ கடையில் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்.

“தரகரம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு சார்” என்றார். “நான் படிக்கறேன், எழுதிக்குங்க. தொண்ணூத்தொண்ணு, ஒரு நூல்.”

சூப்பர்வைசர் குனிந்து டேப்பைப் பார்த்தார்.

“ரப்பர்ல குத்தம் இல்ல. மச்சான் அரைச்சது எப்பவும்போல நல்லாத்தான் இருக்கு. என் கைதான்.”

பவுடர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன்டா சொன்ன, விட்டிருக்கலாமேடா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கரி முகத்தில் கண்ணீர் இறங்கிக் கோடு கோடாய் வெளுத்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது ரெட்டை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சீட்டை எல்லாம் நீதான் உரிச்சியா?”

“ஆமாங்க.”

“எத்தனை நாளா?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

டாக்டர் நரம்பு நோய் என்றார். வலது கைக்கும் வரும், மெதுவாக மற்றதெல்லாம் வரும், மாத்திரை அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது என்றார். ரேஸ் பிரிவை மூடவில்லை, பவுடரை நிறுத்தவும் இல்லை. அந்தக் கடைசி இரண்டு டயர்களுக்கும் ஜோடி கிடைக்கவில்லை. விதி விதிதான். அவளே கத்தி எடுத்துக் கிழித்தாள், அன்று யாரையும் பக்கத்தில் வரவிடவில்லை.

இப்போது காலையில் அவருக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டைக் கரண்டியோடு எடுத்து வைத்துவிட்டு, அவள் தனியாக பஸ் ஏறுகிறாள். வேலையிலிருந்து திரும்பினால் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே உள்ளேயிருந்து குரல் வரும். “இன்னைக்கு ஒத்தை எத்தனை?”

முதல் நாள் அவள் உள்ளதைச் சொன்னாள். “ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் சேர்ந்துடுச்சு.” நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் “அப்படியா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்த பிறகு அடுத்த நாளிலிருந்து அவள், “ரெண்டு நின்னுடுச்சு” என்றே சொன்னாள். யாருடையது என்று கேட்பார். மஞ்சள் என்பாள். “அவனுக்கு விளிம்பு தேய்க்கறதுல அவசரம். நான் சொன்னேன்னு சொல்லு” என்பார். முகத்தில் கொஞ்சம் களை வரும், நாலு வாய் கூடச் சாப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுடர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. பேச்சுவாக்கில், “இப்பல்லாம் ஒத்தையே வர்றதில்ல மாப்ள. அந்த மூலை மொத்தமும் காலி. தங்கச்சி அங்க ஜன்னலைத் திறந்து ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்குது” என்றார். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். ரெட்டை, “காத்து வரட்டும், நல்லதுதானே” என்றார். பிறகு இருவரும் பழைய சூப்பர்வைசர் ஒருவரின் தொப்பையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் வீட்டு வாசலிலேயே சற்று நின்றாள். இன்றைக்குக் கேட்க மாட்டார் என்று நினைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

“இன்னைக்கு ஒத்தை எத்தனை?”

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இப்போது இரண்டு கைகளும் போர்வைமேல் நடுங்கிக்கொண்டிருந்தன. கண் நேராக அவளைப் பார்த்தது.

“ரெண்டு” என்றாள் அவள்.

அவர் திருத்தவில்லை. “மஞ்சள்தானே?” என்றார்.

“மஞ்சள்தாங்க.”

“நான் சொன்னேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு, சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றுவதற்காக மணிக்கட்டை அவள் பக்கம் நீட்டினார்.